வேலைனைப் பார்க்க எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

ஹீமோகுளோபினில் 574 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. நான்கு சங்கிலிகள், இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலைன் வந்து உட்கார்ந்தால் அரிவாள் செல் ரத்தசோகை. பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே வந்துவிடும் செய்தி இது.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். என் வகுப்பில் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எப்போதும் உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இந்த மாற்றம் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இலேயே கண்டு எழுதினார்கள். அந்த மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது மதிப்பெண்ணோடு முடிகிற பாடமில்லை. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதும் ரத்த அணு ஏன் வளைந்து விறைக்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வகுப்பைவிட்டுப் போக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பார்க்க வழி இருக்கிறது. புரதத் தரவு வங்கி 1971-இல் ஏழு புரதங்களின் வடிவங்களோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். அதில் 2ஹெச்பிஎஸ் என்ற எண்ணில் அரிவாள் செல் ஹீமோகுளோபின் இருக்கிறது. பைமால், கைமெராஎக்ஸ், விஎம்டி போன்ற மென்பொருள் ஒன்றில் அந்தக் கோப்பைத் திறந்தால் திரை நிறைய சுருளும் முடிச்சுமாகப் புரதம் வந்து நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹீமோகுளோபின்கள். ஆக எட்டுச் சங்கிலிகள். சொல்ல வந்த வேலைன் எங்கே?

இங்கேதான் வேலை தொடங்குகிறது. மவுஸைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். முன்னால் மறைக்கும் சங்கிலிகளை ஒளிக்க வேண்டும். அப்படியும் மறைத்தால், கத்தியால் சீவியதுபோல் முன்பகுதியை வெட்டிக் காட்டும் வசதி உண்டு. அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்த வேண்டும். வேலைனுக்கு ஒரு நிறம். எதிரே, அடுத்த ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 85-ஆவது ஃபீனைல்அலனினும் 88-ஆவது லூசினும் சேர்ந்து ஒரு குழியை உண்டாக்கியிருக்கும். அவற்றுக்கு வேறு நிறம். இவ்வளவும் செய்து, சரியான ஒரு கோணத்துக்கு வந்ததும், வேலைன் அந்தக் குழிக்குள் கச்சிதமாகச் செருகியிருப்பது தெரியும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் இப்படி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நீண்ட இழையாகின்றன. இழைகள் அணுவை உள்ளிருந்து நெம்பி வளைக்கின்றன. இரண்டு விரல் அகலம் அந்தப் பக்கம் திருப்பினால் குழியே தெரியாது.

"மேம், இப்ப இருந்துச்சுங்க... அந்த வியூ போயிடுச்சு" என்று ஆய்வகத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து குரல் வரும். கை தவறி மவுஸ் அசைந்திருக்கும். அரைமணி நேர உழைப்பு போய்விட்டது. அந்த மாணவி இழந்தது வெறும் அலங்காரத்தை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவள் கண்டுபிடித்த விடையே அந்தக் கோணத்தில்தான் இருந்தது.

ஓவியர் இர்விங் கைஸ் 1961-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழுக்காகத் திமிங்கிலத்தின் மயோகுளோபின் என்ற புரதத்தைக் கையால் வரைந்தார். ஜான் கென்ட்ரூ கண்டறிந்த வடிவம் அது. ஒரே ஒரு ஓவியத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. எந்தப் பக்கத்திலிருந்து வரைவது என்று அவர் ஒருமுறை முடிவெடுத்துவிட்டார். உலகம் அந்தப் பக்கத்திலிருந்தே மயோகுளோபினைப் பார்த்தது. கணினி வந்த பிறகு எல்லாப் பக்கமும் திருப்பலாம் என்றாயிற்று. ஆனால் திருப்பத் தெரிந்தவர் கண்டதைத் தெரியாதவருக்கு எப்படிக் காட்டுவது? இதற்கு முதலில் நல்ல விடை தந்தவர்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட்சன் தம்பதியர் என்பேன். 1992-இல் ‘புரோட்டீன் சயன்ஸ்’ இதழ் தொடங்கியபோது, கட்டுரைகளோடு ஒரு ஃப்ளாப்பி வட்டும் வாசகருக்குப் போனது. அதில் கட்டுரையாளர் தேர்ந்தெடுத்த கோணங்கள், ரிச்சர்ட்சன் தம்பதியர் வகுத்த முறையில், பெயரிட்டுச் சேமிக்கப்பட்டிருந்தன. பட்டியலில் ஒன்றைச் சொடுக்கினால் மூலக்கூறு தானே திரும்பி அந்தப் பக்கம் வந்து நிற்கும். அங்கிருந்து வாசகர் தன் விருப்பத்துக்குச் சுழற்றிக்கொள்ளலாம். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒருவரை விரல்நீட்டிக் காட்டிவிட்டு, போய்ப் பேசிக்கொள் என்று விடுவதைப் போன்றது அது.

இன்றைய மென்பொருள்களில் கோணத்தைச் சேமிக்கும் இந்த வசதி எப்படி இயங்குகிறது என்பதைப் பலரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. பைமாலை வாரன் டிலானோ 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2009-இல் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். அதில் ‘கெட் வியூ’ என்று தட்டினால் 18 எண்கள் வரும். முதல் ஒன்பதும் மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்பவை. அடுத்த மூன்று, கேமரா எங்கே நிற்கிறது. அடுத்த மூன்று, எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறது. அடுத்த இரண்டு, முன்னும் பின்னும் எங்கே வெட்டியிருக்கிறது. கடைசி எண், தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரிய வேண்டுமா, எல்லாம் ஒரே அளவில் தெரிய வேண்டுமா என்பதைக் குறிக்கிறது. அவ்வளவுதான். இந்த 18 எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினாலும், அதே கோப்பை வைத்திருப்பவர் உலகின் எந்த மூலையிலும் அதே இடத்தில் நின்று பார்க்க முடியும். எனக்கு இது இன்றும் வியப்பு தருகிறது.

எண்கள் கோணத்தை மட்டுமே வைத்திருக்கும். நிறமும் ஒளித்துவைத்தவையும் அதில் வராது. அதற்குப் பைமாலில் ‘சீன்’ உண்டு. எது தெரிகிறது, எந்த நிறத்தில், எந்த வடிவத்தில் என்பதையும் கோணத்தோடு சேர்த்து அது காத்துவைக்கும். பேஜ்டவுன் விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு காட்சியாக வரும். வகுப்பு நடத்துகிறவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனாலும் பின்னணி நிறம், மேற்பரப்பு எவ்வளவு கண்ணாடிபோல் தெரிய வேண்டும் என்பன போன்ற அமைப்புகள் சீனில் அடங்காது. அவையும் வேண்டுமானால் முழு செஷன் கோப்பையும் சேமிக்க வேண்டும். கைமெராஎக்ஸில் பெயரிட்டு வைக்கும் வியூ, கேமராவையும் மூலக்கூறுகளின் இருப்பிடத்தையும் வெட்டுத் தளத்தையும் மட்டும் நினைவில் வைக்கிறது. விஎம்டி சேமிக்கும் நிலைக்கோப்போ மூலக்கூறுக் கோப்பைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. அது எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற முகவரியைத்தான் வைக்கிறது. பென்டிரைவில் நிலைக்கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கருத்தரங்குக்குப் போன மாணவர்கள் வெற்றுத் திரையின் முன் நின்றதுண்டு.

இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் ஏறாததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்ட, பைமாலில் திரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. பிரித்ததும் இரண்டும் வேறுவேறு திசையில் நின்று விழிக்கும். ஒவ்வொரு கோப்பும் தன் படிகத்தின் அச்சை வைத்து அளந்தது. ஒன்றின் கோணம் மற்றதற்குப் பொருந்தாது. முதலில் ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திவிட்டுப் பிறகுதான் காட்சியைச் சேமிக்க வேண்டும். 1ஹெச்ஹெச்ஓ என்ற ஆக்சிஜன் ஏறிய வடிவத்தை எடுத்தால் அதில் பாதிதான் இருக்கும், ஒரு ஆல்ஃபாவும் ஒரு பீட்டாவும். மீதிப் பாதியைச் சமச்சீர் விதிப்படி உருவாக்கிய முழுக்கோப்பைக் கேட்டு எடுக்க வேண்டும். இது தெரியாமல் ஆக்சிஜன் ஏறியதும் ஹீமோகுளோபின் இரண்டாக உடைகிறது என்று தேர்வில் எழுதிய விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன்.

பெயர் வைப்பதில் நான் கறார். ‘வியூ1’, ‘புதுசு’, ‘ஃபைனல்2’ என்று வைத்தால் மூன்று மாதம் கழித்து வைத்தவருக்கே புரியாது. ‘பீட்டா6 வேலைன் குழிக்குள்’ என்று வைக்கச் சொல்வேன். எதைக் காட்ட இந்தக் கோணம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், அந்தக் காட்சியில் சொல்ல எதுவுமில்லை; அழித்துவிடலாம். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைக்க வேண்டாம் என்றும் சொல்வேன். அந்த இரண்டும் ஒன்றாகத் தெரிகிற கண்கள் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவி ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு, தேர்வாளர் ஒரு படத்தில் நீர் மூலக்கூறுகளையும் சேர்த்துக் காட்டச் சொன்னார். அவளிடம் இருந்தது படம் மட்டும்தான். அந்தப் படத்தை முதலில் உருவாக்கிய சீனியர் வேலை கிடைத்து வெளிநாடு போயிருந்தார். அவருடைய கணினியை ஆய்வகத்தில் அழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எந்தக் கோப்பு, எந்தச் சங்கிலி, எங்கே வெட்டியது, ஒன்றுக்கும் பதிவில்லை. அவள் பல வாரம் உட்கார்ந்து அந்தக் கோணத்தைத் தேடினாள். அறிவியலில் ஒருவர் செய்ததை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும் என்கிறோம். கரைசலின் அளவை மைக்ரோலிட்டர் வரை எழுதிவைக்கிற நாம், படத்தின் பிறப்பை மட்டும் பதிவில்லாமல் விடுவது நியாயமில்லை.

செஷன் கோப்பு ஒன்றையே நம்பியிருப்பதும் போதாது. புதிய பதிப்பில் சேமித்தது பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். எழுத்து வடிவில் இருக்கும் கட்டளைகள்தான் நிலைத்து நிற்கும்: கோப்பின் எண், ஒளித்தவை, நிறங்கள், அந்த 18 எண்கள். கல்லூரி ஆய்வகம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. தரவு வங்கியின் தளத்திலேயே இயங்கும் மால்ஸ்டார் என்ற பார்வைக் கருவி கைப்பேசியிலும் திறக்கும். அதிலும் காட்சிகளைச் சேமிக்கலாம்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களையும் அவர்களின் வழிகாட்டிகளையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மூலக்கூறுப் படம் ஒவ்வொன்றுக்கும் அதை உருவாக்கிய கட்டளைகளைப் பின்னிணைப்பில் அச்சிடுங்கள். ஒரு படத்துக்கு அரைப் பக்கம்கூட ஆகாது.