'பெர்தேவ்!'

ரியோ டி ஜெனீரோவில் வழிப்பறிக்காரன் வாயிலிருந்து அடிக்கடி வரும் சொல் இது: 'பெர்தேவ்!' 'நீ இழந்துட்டே' என்று அர்த்தம். அதைக் கேட்டால் விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் வாதாடுவதில்லை. கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். மல்லுக்கட்டினால் போனோடு உயிரும் போகலாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பிரேசிலுக்குப் போகத் திட்டமிடுபவரை முதலில் மிரட்டுவது கொலைக் கணக்கு. 2017இல் மட்டும் அந்நாட்டில் 65,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பிறகு எண்ணிக்கை இறங்கியது. 2023இல் சுமார் 46,000. அப்போதும் லட்சத்துக்கு 20 பேருக்கு மேல். இந்தியாவில் இது 3க்கும் குறைவு. மிரள வைக்கும் எண்தான். ஆனால் சாகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். நான்கில் மூன்று பேர் கறுப்பினத்தவர், கலப்பினத்தவர். மிகப் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் இளைஞர்கள். 2021 மே மாதம் ரியோவின் ஜகரெசின்யோவில் போலீஸ் நுழைந்தபோது 28 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 28 அன்று பென்யா, அலெமாவ் பகுதிகளில் 120 பேருக்கு மேல். இவையெல்லாம் நகரின் வட பகுதியில் உள்ள 'ஃபவேலா' எனப்படும் ஏழைக் குடியிருப்புகள். வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் கோபகபானாவும் இபனேமாவும் தெற்கே. அங்கே பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் துயரத்தை எடுத்து நம் பயணப் பயமாக மாற்றிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பயணியைத் தேடி வரும் ஆபத்து வேறு. அது பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கிறது.

சாவோ பாலோவைப் பாருங்கள். அந்த நகரம் இருக்கும் அதே பெயர்கொண்ட மாநிலத்தில் 1999இல் லட்சத்துக்கு சுமார் 35 ஆக இருந்த கொலை விகிதம் இன்று பத்துக்கும் கீழே. ஆனால் போன் பறிப்பில் அந்த நகரம் பெயர்பெற்றது. பவுலிஸ்டா அவென்யூ நடைபாதையில் நின்று மேப் பார்த்தால், சைக்கிளில் வருபவன் நிற்காமலே பிடுங்கிக்கொண்டு போவான். சிக்னலில் நிற்கும் காரின் கண்ணாடியை உடைத்து, டேஷ்போர்டில் மாட்டிய போனை எடுப்பதற்கென்றே கும்பல்கள் உண்டு. 2020 நவம்பரில் 'பிக்ஸ்' என்ற உடனடிப் பணப் பரிமாற்றம் வந்த பிறகு, லாக் திறந்திருக்கும் போன் என்றால் வங்கிக் கணக்கே கைக்கு வந்த மாதிரி. ஆளைச் சில மணி நேரம் பிடித்துவைத்துப் பணத்தை மாற்றவைக்கும் 'மின்னல் கடத்தல்' பெருகியதால், 2021 அக்டோபரில் மத்திய வங்கி இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை 1,000 ரெயால் என்று பிக்ஸுக்கு வரம்பு போட்டது. ஊர்க்காரர்களில் பலர் வங்கிச் செயலியுள்ள நல்ல போனை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பழைய போனோடு வெளியே போகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'திருடன் போன்'. பயணிக்கும் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

உயிருக்கே ஆபத்தாவது வழி தவறும்போது. 2016 டிசம்பரில் ரியோவில் மோட்டார் சைக்கிளில் வந்த இத்தாலியப் பயணி ஒருவர், மேப் காட்டிய வழியில் ஒரு ஃபவேலாவுக்குள் நுழைந்து சுடப்பட்டு இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ரோசின்யா ஃபவேலாவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய ஸ்பெயின் நாட்டுப் பெண் இறந்ததோ போலீஸ் குண்டில். தடுப்பில் கார் நிற்கவில்லை என்றது காவல்துறை. அதனால் ரியோவில் வாடகைக் கார் எடுத்து மேப்பை நம்பி ஓட்ட வேண்டாம் என்பேன். கலியாவ் விமான நிலையமும் வடக்கேதான். அங்கிருந்து வரும் விரைவுச் சாலை மரே ஃபவேலாக்களின் ஓரமாகவே போகிறது. போலீஸ் நடவடிக்கை நடக்கும் நாளில் சாலையை மூடிவிடுவார்கள். துப்பாக்கிச் சூடு எங்கே என்று 2016 முதல் பதிவுசெய்துவரும் 'ஃபோகோ க்ருஸாடோ' செயலியைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபவேலா என்றாலே குற்றவாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஃபவேலாக்களில் வாழ்வோர் 1.6 கோடிக்கு மேல். ஹோட்டலில் உங்கள் படுக்கையை விரிப்பவரும், கடற்கரையில் இளநீர் சீவித் தருபவரும் அங்கிருந்து வருபவர்களாக இருக்கலாம். பார்க்க ஆசைப்பட்டால் அங்கேயே வசிக்கும் வழிகாட்டியோடு, பகலில் போங்கள். அவர் 'இன்று வேண்டாம்' என்றால் திரும்பிவிடுங்கள்.

சால்வடார் நகரின் பழைய பகுதியான பெலோரின்யோவில் பகலில் மேளச் சத்தமும் கூட்டமும் தைரியம் தரும். இருட்டியபின் அதை ஒட்டிய சரிவுச் சந்துகளில் இறங்க வேண்டாம். ரியோவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான லாபாவில் புதிதாகப் பழகியவர் நீட்டும் பானத்தையும் வாங்க வேண்டாம். மயக்க மருந்து கலந்து கொள்ளையடிப்பதற்கு அங்கே 'குட் நைட் சிண்டெரெல்லா' என்றே பெயர். இரவில் கடற்கரை மணலில் நடக்க வேண்டாம்.

பறிகொடுத்தால் 190இல் போலீஸ். ரியோவின் லெப்லோன் பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனிக் காவல் நிலையம் இருக்கிறது. காப்பீட்டுக்குத் தேவையான புகார்ச் சான்றை அங்கே வாங்கலாம். எதற்கும் முன்னால், தங்கும் கட்டடத்தின் வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த மூலை வரை நடக்கலாம், எந்த மூலையிலிருந்து கார் பிடிக்க வேண்டும் என்று அவர் கை நீட்டிக் காட்டுவார்.