சொல் புழங்கும் இடம் – 14: அடைப்புக்குறிக்குள் ஒரு தலைமையாசிரியர்

என் அப்பா மூன்று வருஷம் தலைமையாசிரியர் வேலை பார்த்தார், தலைமையாசிரியராக இருக்கவில்லை. அறை வாசல் பலகையில் பதவிக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு 'பொறுப்பு' என்று எழுதச் சொன்னார்கள். பெயின்டருக்கு இடம் போதவில்லை. 'பொறு' மேல் வரியிலும் 'ப்பு' கீழ் வரியிலும் விழுந்தன. "சார், போர்டே உங்களைப் பொறுன்னு சொல்லுது" என்று சக ஆசிரியர்கள் சீண்டுவார்கள். அவருடைய பணிப்பதிவேட்டில் அந்த மூன்று வருஷத்துக்கும் ஒரே சொல்தான்: அஃபிஷியேட்டிங்.

நம் அரசு அலுவலகங்களில் இந்தச் சொல்லுக்குத் தனி வாழ்க்கை உண்டு. அடிப்படை விதிகளில் 9(19) இதைத்தான் விளக்குகிறது. ஒரு பணியிடத்தின் மேல் இன்னொருவருக்கு 'லியன்', அதாவது திரும்பி வந்து உட்காரும் உரிமை, இருக்கும்போது அந்த வேலையைப் பார்ப்பவர் அஃபிஷியேட் செய்கிறார். யாருக்கும் உரிமையில்லாத காலியிடத்திலும் அரசு ஒருவரை இப்படி அமர்த்தலாம். மற்ற நாட்டு ஆங்கிலத்தில் இதற்குப் பெரும்பாலும் 'ஆக்டிங்' என்பார்கள். நம் ஊர் 'அஃபிஷியேட்டிங் பிரின்சிபால்' அவர்களைக் கொஞ்சம் விழிக்க வைப்பார்.

சொல்லின் வேர் லத்தீன் 'ஒஃபீகியும்'. வேலை, செய்தல் என்ற இரண்டும் ஒட்டிப் பிறந்தது, பொருள் கடமை. இடைக்காலத் தேவாலயத்தில் அந்தக் கடமை வழிபாடாயிற்று, அதை நடத்தும் பாதிரியார் அஃபிஷியேட் செய்பவரானார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல், பிறகு விளையாட்டு மைதானத்துக்கும் போனது. கிரிக்கெட் வீரர் எஸ்.வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடினார். 73 டெஸ்ட்களில் நடுவராக நின்றார். இந்த வினை அந்த 73-க்குத்தான் பொருந்தும். ஆட்டம் ஆடுபவர்களுடையது, விதிப்படி நடத்தித் தருவது அவர் வேலை. கல்யாணத்துக்கு 'அட்', ஆட்டத்துக்கு 'அட்' அல்லது 'இன்' சேர்த்து எழுதுவது பழைய வழக்கம். அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் அதையும் உதறிவிட்டார்கள். எனக்கு இன்னும் காதில் உறுத்துகிறது.

சென்ற வாரம் பார்த்த 'பிரிசைட்', அதாவது தலைமை தாங்குதல், இதன் பங்காளி இல்லை. அங்கே உட்கார்ந்தால் போதும். இங்கே வேலை செய்ய வேண்டும். நம் கல்யாணப் பத்திரிகை இந்த வித்தியாசத்தை நன்றாகவே அறியும். தலைமை தாங்குபவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஹோமப் புகையில் கண் எரிய நடத்திவைக்கும் புரோகிதர் பெயரைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறீர்களா?

அந்தப் புரோகிதரே வேண்டாம் என்றது 1967இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு. உற்றார், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். என் சித்தப்பா அப்படித்தான் கட்டிக்கொண்டார். தலைமை தாங்க வந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். அஃபிஷியேட் செய்ய ஆள் கிடையாது. மைக் கைமாறிய இடைவெளியில் சித்தப்பாவும் சித்தியும் தாங்களே மாலையை மாற்றிக்கொண்டார்கள்.