நோய் தீர்ந்த பின்னும் ஒரு மருந்து



திருத்தணி வீதியில் மொட்டைத் தலையுடன் ஒரு சிறுவன் நடந்து சென்றால் எவரும் வியந்து நோக்குவதில்லை. மலைக்கோயிலில் முடி காணிக்கை செலுத்தித் திரும்புவோர் அங்கே அன்றாடக் காட்சி. ஆனால், புற்றுநோய் மருந்தால் உதிர்ந்த முடி அது என்று தெரிந்துவிட்டால் பார்வையே மாறிவிடுகிறது. தம் பிள்ளைகளை அவனுடன் விளையாட அனுப்பவும் சிலர் தயங்குகின்றனர். புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று என்பதை அவர்கள் அறியார்.

குழந்தைகளின் புற்றுநோய் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியதே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1960-லேயே குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு கண்டது. செல்வ நாடுகளில் 80 சதவீதத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றனர். 2030-க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதத்தினரேனும் பிழைக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வகுத்தது.

உடல் தேறிவிடுகிறது. உள்ளம்?

இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்வதுண்டு. திருத்தணிக்கும் சென்னைக்குமாக ரயிலில் அலைந்த பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது, உடன் பயின்றோர் மேல் வகுப்பில் இருப்பர். ஊசியின் வலியும், பக்கத்துக் கட்டில் தோழனின் மறைவும் நெஞ்சில் தங்கியிருக்கும். பரிசோதனை நாள் நெருங்கினால் உறக்கம் கெடும். மருத்துவமனையே கதியென்று பெற்றோர் கிடந்த நாட்களில், வீட்டிலிருந்த மற்றக் குழந்தைகளும் ஏங்கிப்போயிருப்பர்.

பெண் பிள்ளையாயின், நாளைய திருமணப் பேச்சுக்கு அஞ்சி நோயையே மறைப்போர் உண்டு. மறைக்கப்பட்ட பிள்ளை, தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாகவே எண்ணும். பல ஆண்டுகள் தொடர வேண்டிய பரிசோதனைகளும் விடுபட்டுப் போகும்.

அபூ உமைர் என்ற சிறுவரின் சின்னஞ்சிறு பறவை இறந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைப்பற்றி அவரிடம் கனிவுடன் விசாரித்தார்கள். ஒரு குழந்தையின் துயரம் கேட்கப்பட வேண்டியது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பெற்றோர்களே! "ஒன்றுமில்லை, மறந்துவிடு" என்று பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். அது சொல்லும்வரை காத்திருந்து கேளுங்கள். மருத்துவர் அனுமதித்ததும் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் அனுப்புங்கள். ஆசிரியப் பெருமக்களே! விடுபட்ட பாடத்தைப் பொறுமையுடன் கற்பியுங்கள். கேலியை முளையிலேயே தடுங்கள். அண்டை வீட்டாரே! "ஐயோ பாவம்" என்ற சொல்லை விடுத்து, உங்கள் பிள்ளையை விளையாட அனுப்புங்கள்.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். அவன் மீட்டுத் தந்த பிள்ளையைத் தனிமையில் வாட விடாதிருப்பது நம் கடமை.