வெண்டல் ஸ்காட்டின் கோப்பை

மோட்டார் பந்தயம் என்றவுடன் அதற்கென்றே செய்யப்பட்ட விசேஷ வண்டிகள்தாம் நேயர்களின் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்ந்த 'ஸ்டாக் கார்' பந்தயமோ, கடையில் விற்கும் சாதாரணக் காரையே வலுப்படுத்தி ஓட்டும் முறையில் தோன்றியது. சிற்றூர்களில் ஒரு மைலுக்கும் குறைந்த வட்டப் பாதைகளில், பெரும்பாலும் வெறும் மண் தரையில் இது நடைபெற்றது. வளைவுகள் ஓயாமல் வருவதால், சறுக்கும் வண்டியை அடக்கியாளும் திறமையே அங்கு முக்கியம்.

அத்திறமையில் வல்லவரான வெண்டல் ஸ்காட், வர்ஜீனியா மாநிலத்து டான்வில் நகரில் 1921-இல் பிறந்த கறுப்பினத்தவர். உலகப் போரின்போது ராணுவத்தில் மோட்டார் மெக்கானிக்காகப் பணியாற்றினார். ஊர் திரும்பியபின் பட்டறை நடத்தினார், கள்ளச்சாராயமும் கடத்தினார். இதை மறைப்பானேன்? போலீஸாருக்குத் தப்பி ஓட்டிய இரவுகளே அவருக்குப் பள்ளிக்கூடமாயின. 1952-இல் பந்தயம் நடத்துபவர் ஒருவர், வேகமாக ஓட்டக்கூடிய கறுப்பினத்தவர் யார் என்று போலீஸாரையே விசாரிக்க, அவர்கள் ஸ்காட்டைச் சுட்டிக் காட்டினார்களாம்!

நிறத்தைக் காரணங்காட்டிச் சில மைதானங்கள் அவரைத் திருப்பியனுப்பின. வேண்டுமென்றே அவர் வண்டியை இடித்தவர்களும் உண்டு. பழைய வண்டிகளைத் தம் கையாலேயே செப்பனிட்டு ஓட்டிய அவர், 1959-இல் வர்ஜீனியா மாநிலச் சாம்பியன் ஆனார். 1961-இல் நாட்டின் தலைமைப் பிரிவான கிராண்ட் நேஷனலில் புகுந்தார்.

1963 டிசம்பர் 1-ஆம் தேதி, பிளாரிடாவின் ஜாக்சன்வில் நகரில், அரை மைல் மண் பாதையில் ஸ்காட் முந்தினார். வெற்றிக் கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. பக் பேக்கர் என்பவருக்குக் கோப்பை அளிக்கப்பட்டது. ஸ்காட் முறையிட்டார். பல மணி நேரத்திற்குப் பின், கூட்டம் கலைந்தபிறகு, ஸ்காட் இரண்டு சுற்று முன்னால் இருந்ததாக அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். எண்ணிக்கைப் பிழை என்றார்கள். வெற்றி பெறுபவரை வெள்ளை இன அழகி முத்தமிடும் வழக்கமே காரணம் என்பது ஸ்காட்டின் கருத்து. இரண்டு சுற்று என்பது முழுதாக ஒரு மைல். அது கண் தவறும் தூரமென்று நாம் நம்புவதற்கில்லை.

1973-இல் டாலடீகா விபத்தில் பட்ட காயங்கள் அவரது பந்தய வாழ்வை ஏறத்தாழ முடித்துவிட்டன. தலைமைப் பிரிவில் மொத்தம் 495 பந்தயங்கள் ஓட்டினார். 1990-இல் காலமானார். ஜாக்சன்வில் வெற்றிக்குரிய கோப்பையைப் புதிதாகச் செய்து, 2021 ஆகஸ்டில் அவர் குடும்பத்தாரிடம் பந்தயச் சங்கத்தினர் அளித்தனர்.