பின்கட்டுக்கு எட்டாத வைஃபை

தில்லியில் 1921-ல் எழுந்த கோல் மார்க்கெட் கட்டடத்தைச் சுற்றி, புதிய தலைநகரின் காரியாலயங்களில் உத்தியோகம் பார்க்க வந்தவர்களுக்கென்று கட்டிய சர்க்கார் குவார்ட்டர்ஸ்களும், பிற்காலத்தில் வந்த அடுக்குமாடிகளும் கலந்து நிற்கின்றன. 1923-ல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று பக்கத்து மந்திர் மார்க்கிலேயே இருப்பது, தெற்கேயிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பங்களுக்கு இந்தப் பேட்டை எவ்வளவு பழக்கமானது என்பதற்குச் சாட்சி. ஜூன் மாத அனலையும் ஜனவரிக் குளிரையும் உத்தேசித்து எழுப்பிய அந்தக் காலத்துச் செங்கற் சுவர்களின் கனம் இன்றைக்கும் அனுகூலமானதுதான். முன்னறையில் இருக்கும் ரூட்டரிலிருந்து பின்கட்டில் படிக்கும் பிள்ளையின் மடிக்கணினிக்கு வைஃபை போய்ச் சேர வேண்டும் என்னும்போது மட்டும் அந்தக் கனமே இடைஞ்சலாகிவிடுகிறது.

பின்னறையில் வீடியோ அழைப்பு உறைந்து நின்றதும், இணைய நிறுவனத்துக்குப் போன் செய்து, மாதச் சந்தாவைக் கூட்டிக் கொடுத்தாவது 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்கிக்கொள்வோம் என்று தீர்மானிப்பவர்கள் அநேகர். முதலில் ரூட்டரின் அருகே நின்று வேகத்தை அளந்துவிட்டு, பிறகு அந்தத் தொலைவறையில் நின்று அளந்து பார்க்க வேண்டும். முன்னதில் கட்டிய பணத்துக்கு உரிய வேகம் இருந்து பின்னதில் இல்லையென்றால், குறை தெருவில் வரும் ஃபைபரில் இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. சந்தாவை மும்மடங்காக்கினாலும் அந்த அறைக்கு அதனால் அதிகப் பிரயோஜனம் கிடையாது.

வைஃபையைச் சுமக்கும் ஜாதி அலைகள் சுவரை ஊடுருவும் என்பது நம் தேசத்தில் வெகுகாலத்துக்கு முன்பே பிரத்தியட்சமாகக் காட்டப்பட்ட விஷயம். 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில், வங்காளத்து லெப்டினன்ட் கவர்னரின் முன்னிலையில், சுவர்களைக் கடந்து சென்ற மின்காந்த அலையைக் கொண்டே ஜகதீச சந்திர போஸ் மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். ஆனால் கடப்பது வேறு, சேதாரமில்லாமல் கடப்பது வேறு. வீட்டு ரூட்டர் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது: ஒன்று, ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ்; மற்றது, சுமார் 6 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ். முன்னது சுவரைக் கொஞ்சம் சுலபமாகத் தாண்டும். பின்னது வேகம் மிக்கது என்றாலும் ஒரு கனமான சுவரிலேயே பெரும்பாலான சக்தியை இழந்துவிடக்கூடும். 2.4 வரிசையை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்க 2005-லும், 5-ல் விஸ்தாரமான பகுதியை 2018-லும் அரசாங்கம் திறந்துவிட்டது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்துக்கொள்ளவே தபாலாபீசில் வருஷா வருஷம் கட்டணம் கட்டிய தலைமுறைக்கு இது பெரிய சலுகைதான். அதே சலுகை அண்டை அயலார் அனைவருக்கும் கிடைத்திருப்பதுதான் சங்கடம்: 2.4-ல் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே இருக்க, ஓர் அடுக்குமாடியின் அத்தனை ரூட்டர்களும் அவற்றில்தான் முண்டியடிக்கின்றன.

சுவரையாவது மன்னிக்கலாம், நாமே கொண்டுவந்து வைக்கும் தடைகளை என்ன சொல்வது? ஃபைபர் போட வந்தவர் வாசற்படிக்குப் பக்கத்தில் எங்கே சௌகரியமோ அங்கே ரூட்டரை மாட்டிவிட்டுப் போகிறார். அதுவும் பார்வைக்கு லட்சணமாக இல்லையென்று டி.வி. அலமாரிக்குள், திரைக்குப் பின்னால் தள்ளப்படுகிறது. கோடை வந்ததும் ஜன்னலில் கூலர் ஏறுகிறது. தகர உடம்பு, உள்ளே தொட்டி நிறையத் தண்ணீர், மூன்று பக்கமும் நனைந்த புல் தட்டிகள். உலோகம் அலையைத் திருப்பியடிக்கும், நீர் அதை விழுங்கும் என்ற இரு தன்மைகளையும் ஒருங்கே பெற்ற சாதனம் இது. ஏப்ரலில் நன்றாக இருந்த சமிக்ஞை மே மாதத்தில் காணாமற் போனால், பழியை நிறுவனத்தின் மேல் போடுமுன் கூலர் நடுவழியில் நிற்கிறதா என்று பார்ப்பது நியாயம். இரும்பு பீரோவும், ரசம் பூசிய நிலைக்கண்ணாடியும் இதே வர்க்கத்தைச் சேர்ந்தவை. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதே 2.45 கிகாஹெர்ட்ஸில் என்பதால், அதிலிருந்து கசியும் துளி அலையும் அடுத்து நிற்கும் ரூட்டருக்குக் கூச்சலாகும்.

ஆகவே காசு செலவில்லாத முதல் உபாயம் ரூட்டரை இடம் மாற்றுவதே. வீட்டின் மத்தியில், ஆள் உயரத்தில், திறந்த வெளியில் அது இருக்க வேண்டும். வாசற்கதவுகளின் வழியே பின்னறை தெரியும் ஸ்தானமானால் உத்தமம். சுவரில் மிகச் சரிந்து படும் அலையில் கணிசமான பங்கு உள்ளே போகாமல் தெறித்துவிடும் என்பதால், கூடியவரை சுவரை நேருக்கு நேர் சந்திக்கும்படி வைப்பது நல்லது. நிமிர்த்திவைத்த ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும். அதன் நுனிக்கு நேர் மேலே மிகக் குறைவு. பலனை அளக்க, டிபிஎம் கணக்கில் சமிக்ஞையைக் காட்டும் இலவசச் செயலி ஒன்று கைப்பேசியில் இருந்தால் போதும். மைனஸ் 65 வரை கவலையில்லை. மைனஸ் 80-ஐத் தாண்டினால் இணைப்பு தள்ளாடும். இந்த அளவையில் 20 இறங்கினால், சக்தி நூற்றில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்.

பெரிய ஆன்டெனாக்களைக் காட்டி விற்கும் 'அதிசக்தி' ரூட்டர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. வைஃபை என்பது சம்பாஷணை. ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், சிறு பேட்டரியை நம்பியிருக்கும் கைப்பேசியின் முனகல் திரும்பி வந்து அதன் காதில் விழுந்தாக வேண்டும். திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் பக்கம் திறக்காமல் சுழல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெருக்கி அனுப்பும் ரிப்பீட்டரை, சமிக்ஞை செத்த அறையிலேயே கொண்டுபோய்ச் சொருகுவது அடுத்த வீண்வேலை. நல்ல சமிக்ஞை இன்னும் மிஞ்சியிருக்கும் நடுவழியில்தான் அதற்கு ஜீவனுண்டு. அங்கேயும், கேட்பதையும் சொல்வதையும் ஒரே ரேடியோவால் செய்யும் மலிவான ரகம் வேகத்தில் ஏறக்குறையப் பாதியைத் தின்றுவிடும். தனி ரேடியோவால் தமக்குள் பேசிக்கொள்ளும் மெஷ் சாதனங்கள் மேலானவை, விலையும் அதற்கேற்றபடி.

கனத்த சுவருள்ள வீட்டுக்கு என் அபிப்பிராயத்தில் சிறந்த வழி, கம்பியில்லா இணையத்துக்கு ஒரு கம்பி போடுவதே. கேட்-6 லேன் கேபிள் 100 மீட்டர் வரை சோர்வில்லாமல் ஓடும். எந்த வீட்டின் பின்கட்டுக்கும் இது தாராளம். சர்க்கார் வீட்டில் இஷ்டத்துக்குச் சுவரைத் துளைக்க முடியாதவர்கள், டி.வி. கேபிளுக்கு முன்பே போட்ட துளை வழியாகவோ, கதவு நிலையின் ஓரமாகவோ அதைக் கொண்டுபோகலாம். மறுமுனைக்குப் பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும்: கேபிளை அதன் 'வான்' துளையில் சொருகாமல் 'லேன்' துளையில் சொருகி, டிஎச்சிபி வசதியை அணைத்து, நிர்வாக முகவரி முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் முதலாவதைப் போலவே வைத்து, சானலை மட்டும் அங்கே 1 என்றால் இங்கே 11 என்று பிரித்துவிட வேண்டும். அதற்குப் பின்னும் பின்னறைக் கைப்பேசி முன்னறை ரூட்டரையே பிடித்துத் தொங்கினால், கைப்பேசியின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுவது போதும்.