உங்களுக்குத் தெரியுமா?

ஸ்காட்லாந்தின் எக் தீவில் எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்க முடியாது. ஊர்மக்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரம்பு அது!

• கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போதே வாஷிங் மெஷினும் ஓடலாம். கூடவே ஹீட்டரையும் போட்டால் அந்த வீட்டுக்கு மட்டும் கரண்ட் போய்விடும். பக்கத்து வீட்டு விளக்கு சிமிட்டக்கூடச் செய்யாது.

• வெளியிலிருந்து இங்கே மின்கம்பி வருவதில்லை. 2008 பிப்ரவரி வரை பெரும்பாலான வீடுகளில் டீசல் ஜெனரேட்டர்தான் உறுமியது. இன்று ஓடை நீர், காற்று, வெயில் மூன்றும் ஒரே நுண்மின்கட்டமைப்பில் இணைந்திருக்கின்றன. கோடையில் ஓடை வற்றும்போது சூரியத் தகடுகள் கைகொடுக்கின்றன. குளிர்காலத்து இருட்டில் மழையும் காற்றும் டர்பைன்களைச் சுழற்றுகின்றன. ஒன்று சோரும்போது இன்னொன்று தாங்கும் இந்தப் பொருத்தம்தான் வடிவமைப்பிலேயே மிக அழகான இடம்.

• மூன்றும் காலை வாரினால்? பேட்டரிகள் இருக்கின்றன. அதற்கும் பின்னால் டீசல், அவசரத்துக்கு மட்டும்.

• பேட்டரி நிறைந்தும் மின்சாரம் மிஞ்சினால், ஊர்ப் பொதுக்கூடத்தையும் தேவாலயத்தையும் கதகதப்பாக்கும் ஹீட்டர்களுக்குப் போகிறது.