பிராக்ஸியை நிறுத்துமுன் லாக்கைக் காப்பாற்றுங்கள்

பருவமழையில் மரம் சாய்ந்து கரண்ட் போய்ப் போய் வரும் பெர்ன்ஹில் போன்ற மலை ஊர்களில், இணையம் தடுமாறினாலே பிராக்ஸி சர்வரின் பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், அப்படி அணைத்தால் லாக் என்ற பதிவுக் கோப்பின் கடைசி வரிகள் தொலையலாம். பிராக்ஸி லாக்கைக் காப்பு நகலோடு குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2011 சைபர் கஃபே விதிகள். ‘நாங்கள் நடத்துவது தங்கும் விடுதிதானே’ என்று ஒதுங்கவும் முடியாது. தொழில் முறையில் பொதுமக்களுக்கு இணையம் தரும் எந்த இடமும் சைபர் கஃபேதான் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம். உங்கள் இணைப்பில் யாரோ மோசடி செய்தால் போலீஸ் தேடி வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். அந்த மோசடி எந்தக் கணினியிலிருந்து, எந்த நேரத்தில் நடந்தது என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்த லாக் மட்டுமே.

பரவலாகப் பயன்படும் பிராக்ஸி மென்பொருளான ஸ்குவிட்டையே எடுத்துக்கொள்வோம். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில், ரூட் உரிமையோடு அடிக்கவும்.) அமைப்புக் கோப்பில் விதிகளை மாற்றியதற்காக ஸ்குவிட்டை நிறுத்தவே வேண்டாம். முதலில் ‘ஸ்குவிட் -கே பார்ஸ்’. பிழை இல்லையென்றால் ‘ஸ்குவிட் -கே ரீகான்ஃபிகர்’. பார்ஸ் செய்யாமல் தாண்டிப் போனால், அந்தக் கோப்பில் உள்ள ஒரு எழுத்துப் பிழையே சர்வரைச் சாய்த்துவிடும். நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் ஸ்குவிட்’, பிறகு ‘ஸ்டார்ட்’, கடைசியில் ‘ஸ்டேட்டஸ்’. நிற்க அரை நிமிடம் ஆகிறதே என்று பலர் ‘கில் -9’ அடிக்கிறார்கள். நடுவில் இருக்கும் இணைப்புகள் முடியத்தான் அந்த 30 விநாடி. அதையும் அமைப்புக் கோப்பின் ‘ஷட்டவுன் லைஃப்டைம்’ என்ற வரியில் குறைத்துக்கொள்ளலாம். ‘கில் -9’ அடித்தால் கேஷ் பட்டியல் அரைகுறையாக நின்று, மறுபடி தொடங்கும்போது எல்லாவற்றையும் தேடி அடுக்க வேண்டியிருக்கும். லாக்கின் கடைசி வரிகளும் தொலையலாம்.

வட்டு நிறைந்துவிட்டது என்று ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிப்பது இதைவிட மோசம். ஸ்குவிட் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருப்பதால் இடமும் காலியாகாது, ஆதாரமும் போய்விடும். அழிப்பதற்குப் பதில், லாக்கைச் சுழற்றும் ‘ஸ்குவிட் -கே ரொட்டேட்’ அடியுங்கள். ஆனால் ஸ்குவிட்டின் இயல்பான அமைப்பு பழைய கோப்புகளில் 10 மட்டுமே வைத்திருக்கும். தினமும் சுழற்றினால் பத்து நாள் பதிவுதான் மிஞ்சும். சட்டம் கேட்பதோ ஓராண்டு. ஆகவே சுழற்றிய கோப்பை அன்றன்றே வேறு வட்டில் நகலெடுங்கள், மறக்காமல் நகலெடுங்கள். கணினிக் கடிகாரமும் சரியாக ஓட வேண்டும், தவறான நேரம் தவறான ஆளைக் காட்டும். சோதனைக்கு வருபவர் பயனர்கள் கையெழுத்திடும் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டுப் போனால் அது அவர் கடமையில் குறை. அதனால் உங்கள் பொறுப்பு தீராது. அவர் லாக் கேட்டால், சைபர் கஃபேக்களைப் பதிவு செய்யும் முகமை அவருக்குத் தந்த அதிகாரக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். நகலைக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை எழுதி வாங்குங்கள். மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.